பஞ்சாயத்தா, பேரூராட்சியா, கார்ப்பரேஷனா: எங்கள் ஊர் எதைக் கேட்பது?

எங்கள் ஊர்ப் பேக்கரிக்குக் காலை ஆறு மணிக்குப் போனால் டீ வருவதற்கு முன்னால் கேள்வி வந்துவிடுகிறது. "ஏனுங்க, நம்மூரு கார்ப்பரேசன்ல சேருதாமா?" யாரிடமும் அரசாணை இல்லை. கருத்து மட்டும் எல்லோரிடமும் இருக்கிறது. தறி வைத்திருப்பவர்கள் பஞ்சாயத்தாகவே இருக்கட்டும் என்கிறார்கள். தோட்டத்தை சைட்டாகப் பிரித்து விற்றவர்களுக்குக் கார்ப்பரேஷன் என்ற பேச்சு வந்தாலே முகம் மலர்கிறது. நடுவில் நான்கைந்து பேர், பக்கத்து இரண்டு ஊராட்சிகளையும் கூட்டிக்கொண்டு பேரூராட்சி கேட்டால் என்ன என்கிறார்கள்.

நான் 2011 முதல் 2016 வரை வார்டு உறுப்பினராக இருந்தவன். பெரிதாக ஒன்றும் சாதித்துவிடவில்லை. ஒரு சாக்கடை, இரண்டு தண்ணீர்த் தொட்டி, நிறைய வாக்குவாதம். அந்தப் பழைய பதவிக்காக இன்னும் என்னிடம் வந்து கேட்கிறார்கள். பேக்கரியில் நின்றபடி சொல்லி முடிக்கிற பதில் இல்லை என்பதால் எழுதி வைக்கிறேன். ஊர்ப் பெயரை விட்டுவிட்டேன். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் என்று எந்த நகரத்தின் விளிம்பில் இருப்பவர்களும் தங்கள் ஊராக நினைத்துப் படிக்கலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இதில் நாம் முடிவெடுப்பவர்கள் இல்லை. எந்த ஊர் ஊராட்சி, எது பேரூராட்சி, எது நகராட்சி, எது மாநகராட்சி என்பதை அறிவிப்பது மாநில அரசு. அரசியல் சாசனத்தின் 243-கியூ பிரிவு அதற்கு என்னென்ன பார்க்கவேண்டும் என்று சொல்கிறது: மக்கள்தொகை, நெருக்கம், வருவாய், விவசாயம் அல்லாத வேலையில் இருப்பவர்களின் பங்கு, பொருளாதார முக்கியத்துவம் என்று போகிறது அந்தப் பட்டியல். ஊர்க்காரர்களின் விருப்பம் அதில் தனியாக எழுதப்படவில்லை. நம் கையில் இருப்பது கிராம சபைத் தீர்மானம், ஆட்சேபணை மனு, அப்புறம் எம்எல்ஏ வீட்டு வாசல். 2025 ஜனவரியில் 16 மாநகராட்சிகளோடு 149 ஊராட்சிகளை இணைக்கும் திட்டம் வெளிவந்ததும், அந்த மாத 26-ஆம் தேதி கிராம சபைகளில் பல ஊர்கள் எதிர்ப்புத் தீர்மானம் போட்டன. ஆகவே நாம் தேர்ந்தெடுப்பது 'எதைக் கேட்பது' என்பதை மட்டும்தான். கேட்பதைத் தெளிவாகக் கேட்கவில்லை என்றால், பேக்கரியில் யார் குரல் உயர்கிறதோ அதுவே ஊரின் கருத்து என்று மேலே போய்விடும்.

வரியும் சலுகையும்

எல்லோரும் முதலில் கேட்பது வீட்டு வரி. அதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 2022 ஏப்ரலில் நகர்ப்புற உள்ளாட்சிகளில் சொத்துவரி உயர்ந்தபோது கோவை, திருப்பூர், ஈரோடு போன்ற மாநகராட்சிகளில் 600 சதுர அடி வரையிலான வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் ஏறியது. அதன்பின் ஆண்டுக்கு 6 சதவீதம் என்ற ஏற்பாடும் வந்தது. ஊராட்சி வீட்டு வரி இந்தக் கணக்குக்கு வெளியே இருக்கிறது. எனவே நகர்ப்புறம் ஆனால் வரி ஏறும், சந்தேகமே வேண்டாம். ஆனால் கார்ப்பரேஷனுக்குப் பயந்து பேரூராட்சி கேட்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 2022 உயர்வு பேரூராட்சிகளுக்கும் சேர்த்துத்தான் வந்தது.

சலுகைகளிலும் அதே கதை. நூறு நாள் வேலை ஊராட்சிக்கு மட்டும் உரியது. 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் குடிசைக்குப் பதிலாகக் கான்கிரீட் வீடு கட்ட 3.5 லட்சம் ரூபாய் தருகிறார்களே, அதுவும் கிராமப்புறத்துக்குத்தான். பேரூராட்சி ஆன அன்றே இரண்டும் போய்விடும். பனியன் கம்பெனிக்கும் தறிக்குடோனுக்கும் போகிறவர்களுக்கு நூறு நாள் வேலை போனால் தெரியக்கூடச் செய்யாது. அறுபது வயதைத் தாண்டி, வெயிலில் வாய்க்கால் ஓரம் மண் அள்ளிக்கொண்டிருக்கும் பெண்களுக்கு மாதச் செலவே அதுதான். மெயின் ரோட்டிலிருந்து பார்த்தால் எங்கள் ஊர் நகரம். உள்ளே ஒரு கிலோமீட்டர் போனால் இன்னும் சோளக்காடு.

இந்த 'ஊரகப் பணம்' என்ற விஷயத்தில் தமிழ்நாடே ஒருமுறை வேடிக்கை காட்டியிருக்கிறது. 2004-இல் 561 பேரூராட்சிகளைச் 'சிறப்புக் கிராம ஊராட்சி' என்று பெயர் மாற்றினார்கள், மத்திய அரசின் கிராமப்புற நிதி கிடைக்கட்டும் என்று. 2006-இல் எல்லாம் பழையபடி பேரூராட்சி ஆயின. தெருவில் ஒரு கல்கூட இடம் மாறவில்லை, போர்டு மட்டும் இரண்டு முறை மாறியது.

தண்ணீர்

கார்ப்பரேஷன் கட்சிக்காரர்களின் பெரிய வாதம் தண்ணீர். "பஞ்சாயத்துல இருந்தா பத்து நாளைக்கு ஒருக்காத்தானுங்க" என்பார்கள். உண்மைதான், எங்கள் ஊரில் ஆழ்குழாய் உப்புத் தண்ணீரும் கூட்டுக் குடிநீரும் கலந்துதான் காலம் ஓடுகிறது. ஆனால் குழாய் வருவது உள்ளாட்சி எல்லையைப் பார்த்தா, திட்டம் எங்கே போடப்பட்டது என்பதைப் பார்த்தா?

திருப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். காவிரியிலிருந்து தண்ணீர் கொண்டுவந்த தனியார் பங்களிப்புத் திட்டம் 2000-களின் நடுவில் ஓடத் தொடங்கியபோது நகருக்கும் சாயப்பட்டறைகளுக்கும் மட்டும் கொடுக்கவில்லை, வழியில் உள்ள கிராமங்களுக்கும் கொடுத்தது. அந்தக் கிராமங்கள் ஊராட்சிகளாகவே இருந்து அதை வாங்கின. மாறாகக் கோவையில், 2011-இல் மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டாகப் பெருத்தது. குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம் நகராட்சிகளும், சரவணம்பட்டி, காளப்பட்டி, துடியலூர், வடவள்ளி உள்ளிட்ட ஏழு பேரூராட்சிகளும், விளாங்குறிச்சி ஊராட்சியும் உள்ளே வந்தன. அதன்பின் 2018-இல் 24 மணி நேரக் குடிநீருக்காக சூயஸ் நிறுவனத்தோடு 26 ஆண்டு ஒப்பந்தம் போட்டார்கள். அது பழைய நகரத்தின் 60 வார்டுகளுக்கு. சேர்ந்த பகுதிகளுக்கு அதில் இடமில்லை, அவற்றுக்கு வேறு திட்டங்கள், வேறு வரிசை. கார்ப்பரேஷனில் சேர்ந்தால் தண்ணீர் கிடைக்காது என்று சொல்ல வரவில்லை. சேர்கிறவர் வரிசையின் கடைசியில் போய் நிற்கிறார், அவ்வளவுதான்.

தனியாக இருந்தால் நகரத்தின் தொந்தரவு வராது என்பதும் கனவு. கோவையின் குப்பைக் கிடங்கு வெள்ளலூரில் இருக்கிறது, அறுநூறு ஏக்கருக்கு மேல். வெள்ளலூர் தனிப் பேரூராட்சி. நகரம் ஒவ்வொரு நாளும் தன் குப்பையை வெள்ளலூர் பெயரைச் சொல்லித்தான் கொண்டுபோய்க் கொட்டுகிறது. அந்த நாற்றத்தைச் சுவாசிக்கிற பேரூராட்சி மக்களுக்கு மாமன்றத்தில் ஓட்டு இல்லை. உள்ளே இருந்தால் நூறில் ஒரு குரல், வெளியே இருந்தால் அதுவும் இல்லை. இணைப்பை ஆதரிப்பவர்கள் சொல்வதிலேயே எனக்குப் பதில் தெரியாத வாதம் இது ஒன்றுதான்.

கையெழுத்து யாருடையது

நான் வார்டு உறுப்பினராக இருந்தபோது கண்ணால் பார்த்ததிலிருந்து தொடங்குகிறேன்.

ஊராட்சித் தலைவரை மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள், கட்சிச் சின்னம் கிடையாது. அவரே நிர்வாக அதிகாரி. பணம் எடுக்க அவரும் துணைத் தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும். இந்த இரண்டு கையெழுத்துதான் தமிழ்நாட்டு உள்ளாட்சியில் மக்கள் பிரதிநிதியிடம் மிச்சமிருக்கும் உண்மையான அதிகாரம். பேரூராட்சிக்குப் போனால் அந்தப் பேனா செயல் அலுவலரிடம் போகிறது. மாநகராட்சியில் ஆணையரிடம். மேயர் அங்கி போட்டு, சங்கிலி மாட்டி, மாமன்றக் கூட்டத்துக்குத் தலைமை வகிப்பார். நிலைக்குழுக்கள் இருக்கின்றன, வரி, பணிகள், நகரமைப்பு, சுகாதாரம் என்று. தீர்மானம் போடலாம். நிறைவேற்றுவது ஆணையர். தீர்மானத்தை நிறுத்திவைக்கும் அதிகாரம் அரசுக்கு.

அந்த மேயரையாவது நாம் தேர்ந்தெடுக்கிறோமா? 1996-லும் 2001-லும் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2006-இல் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். 2011-இல் மறுபடி மக்கள். 2016-இல் சட்டம் மாறியது, 2018-இல் திரும்ப மாறியது, 2019 நவம்பரில் அவசரச் சட்டம் போட்டு மறுபடியும் கவுன்சிலர்களிடம் கொடுத்தார்கள். 2022-இல் அப்படித்தான் நடந்தது. இரண்டு முறையிலும் நியாயம் உண்டு. நேரடியாக வந்த மேயருக்கு மன்றத்தில் பெரும்பான்மை இல்லாவிட்டால் எதுவும் நகராது. கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்த மேயர் கட்சித் தலைமை சொன்னவர். ஆனால் ஒவ்வொரு தேர்தலுக்கும் முன்னால் மாற்றுகிறார்களே, அதில் எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. எல்லாக் கட்சியும் ஆட்சியில் இருக்கும்போது தனக்கு எது வசதியோ அதைச் செய்திருக்கிறது. ஊராட்சித் தலைவர் தேர்தல் மட்டும் இந்த ஊஞ்சலில் ஏறாமல் தப்பித்திருக்கிறது.

அப்புறம் எண்ணிக்கை. எங்கள் ஊராட்சியில் 2011 கணக்கெடுப்பில் ஒன்பதாயிரத்துச் சொச்சம் பேர். அதற்குப் பிறகு வந்த லேஅவுட் குடும்பங்களையும் வடமாநிலத் தொழிலாளர்களையும் யாரும் எண்ணவில்லை. ஒரு தலைவர், பன்னிரண்டு வார்டு உறுப்பினர்கள், அதற்கு மேல் ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர். திருப்பூர் மாநகராட்சியில் அதே 2011 கணக்கில் எட்டே முக்கால் லட்சம் பேர், 60 வார்டுகள். வார்டுக்குச் சராசரி 14 ஆயிரத்துக்கு மேல். அந்த அளவில் பார்த்தால் எங்கள் ஊர் ஒரு முழு வார்டுகூட ஆகாது. பதின்மூன்று பேர் உட்காரும் மேஜையை விட்டுவிட்டு, அறுபது பேர் மேஜையில் ஒரு முழு நாற்காலிகூட இல்லாத இடத்துக்குப் போகிறோம்.

கிராம சபைக்கு வருகிறேன். ஆண்டுக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊர் வாக்காளர் ஒவ்வொருவரும் உறுப்பினர். எங்களைப் போன்ற ஊருக்கு 200 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும், அதுதான் குறைவெண். அந்த இருநூறு எப்படி நிரம்புகிறது என்று எனக்குத் தெரியும், நூறு நாள் வேலைக்காரர்களை வரச்சொல்லி உட்கார வைப்போம். வரவு செலவு கணக்கை யாரோ வேகமாக வாசிப்பார்கள். பாதிப் பேர் டீ எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். இருந்தாலும் ஒரு வருடம், என் வார்டில் போடாத சாக்கடைக்கு எழுதப்பட்ட செலவை ஒரு பாட்டி எழுந்து நின்று கேட்டார். "எங்க வூட்டு முன்னால தானே எழுதியிருக்கீங்க, எனக்குத் தெரியாம எப்படிங்க போட்டீங்க?" அடுத்த வாரமே ஜேசிபி வந்தது. எனக்கும் அதில் வெட்கம் உண்டு, அந்த எஸ்டிமேட்டுக்கு நானும் கை தூக்கியவன்.

நகரங்களுக்கு இதன் சாயலில் ஒன்றை 2022 விதிகள் கொடுத்தன: கவுன்சிலர் தலைமையில் வார்டு குழு, அதன் கீழே பகுதி சபை. அந்த ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி முதல் பகுதி சபைகள் கூடின. வந்ததே நல்லது. ஆனால் பகுதிப் பிரதிநிதியை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, மன்றம் நியமிக்கிறது. வரவு செலவு புத்தகத்தோடு அதிகாரி உங்கள் முன்னால் நிற்கும் கட்டாயம் கிராம சபையில் இருக்கிற அளவுக்கு அங்கே இல்லை. நகரத்தில் இருக்கும் என் நண்பர்கள் பலருக்குப் பகுதி சபை என்று ஒன்று இருப்பதே தெரியாது. கிராம சபை என்றால் பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரியும்.

கையெழுத்து உள்ளூரில் இருந்தால் என்ன செய்யலாம் என்பதற்கு ஓடந்துறையைத்தான் எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். மேட்டுப்பாளையம் பக்கத்து ஊராட்சி. சண்முகம் என்பவர் தலைவராக இருந்த காலத்தில் ஊராட்சியின் சேமிப்போடு வங்கிக் கடனும் வாங்கி, 2006-இல் சுமார் ஒன்றரைக் கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுவினார்கள். ஊருக்கு வேண்டிய கரண்ட் போக மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றார்கள். ஒரு மாநகராட்சியின் மூலை வார்டு இப்படிக் கடன் வாங்கியிருக்க முடியாது, யாரிடமும் கேட்டிருக்கவும் முடியாது. சரி, பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் ஊராட்சிகளில் ஓடந்துறை ஏன் ஒன்றுதான் என்றும் கேட்கலாம். பெரும்பாலான ஊராட்சிகளின் பணம் மோட்டார் கரண்ட் பில்லுக்கும் குடிநீர் வாரியத்துக்கும் போய்விட்டு, மிச்சம் வருவது பல்பு மாற்றக் காணாது. 2021 முதல் 2026 வரைக்கான மத்திய நிதிக்குழு மானியத்திலும் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டிப்போட்டுத்தான் வந்தது. வீடு கட்ட வரைபட அனுமதி ஆன்லைனுக்குப் போய், 2024-இல் சின்ன வீடுகளுக்குச் சுய சான்று வந்தபிறகு, தலைவரின் அந்தக் கையெழுத்துக்கும் வேலை குறைந்துவிட்டது. அதில் லஞ்சமும் குறைந்தது என்பதால் நான் அழப்போவதில்லை.

அக்கா சொன்னது

இவ்வளவையும் எழுதி, பஞ்சாயத்துதான் சரி என்று முடித்து வைத்திருந்தேன். எங்கள் ஊர்க் கிழக்குத் தெருவில் தூய்மைக் காவலராக இருக்கும் ஒரு அக்காவிடம் படித்துக் காட்டினேன். முன்பெல்லாம் என்னைச் 'சாமி' என்பார். பல வருடம் சண்டை போட்டு இப்போதுதான் 'தம்பி'க்கு வந்திருக்கிறார்.

"தம்பி, தலைவரைப் போய் நேர்ல கேக்கலாம்னு எழுதியிருக்கீங்களே, யாரு கேக்கலாம்?" என்றார். "எங்க தெருப் பைப்பு ஒடஞ்சா தலைவரு தோட்டத்துக்குப் போவோணும். கட்டுத்தறிகிட்ட நிப்போணும். அவிங்க சாப்ட்டு முடிச்சு வர்ற வரைக்கும். எம் பொண்ணு டவுன்ல வாடகைக்கு இருக்கா. அவ போன்ல கம்ப்ளெய்ண்ட் போடறா. வாரானோ இல்லியோ, அவ எங்கியும் போயி நிக்கறதில்லீங்க."

நான் எழுதியதில் இது எங்கேயும் இல்லை. முகம் தெரிந்தவர் என்பது எனக்குச் சலுகை, அவருக்குத் தடை. ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் என்பதில் யார் எந்தத் தெரு என்று தெரிவதும் சேர்ந்துதான் இருக்கிறது. தனித் தொகுதியில் வென்ற தலைவர் நாற்காலியில் உட்காராமல் நின்ற ஊர்களைப் பற்றித் தமிழ்நாட்டில் எத்தனையோ செய்திகள் வந்திருக்கின்றன. பெண்களுக்கு 50 சதவீத ஒதுக்கீடு 2016-இல் சட்டமானது, ஆனால் கணவர் நடத்தும் பஞ்சாயத்துகளை எங்கள் வட்டாரத்தில் எண்ண ஒரு கை போதாது. அடையாளம் தெரியாத டோல்ஃப்ரீ எண், அதன் எல்லா எரிச்சலோடும், சிலருக்கு விடுதலை.

இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஒரு பாதிப் பதில் உண்டு: தூரத்து ஆபீஸும் எல்லோரையும் ஒன்றாக நடத்துவதில்லை. 2011-இல் ஒரு மாநகராட்சியில் சேர்ந்த ஊரில் என் மாமா வீடு. சேர்ந்த முதல் சில வருடம் ரோடு வந்தது, தெருவிளக்கு எல்இடி ஆனது. அப்புறம் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டினார்கள், தோண்டிய ரோடு மூன்று மழைக்காலம் அப்படியே கிடந்தது. மாமா வக்கீலுக்குப் படித்தவர், மனு எழுதத் தெரியும், அதிகாரியோடு பேசத் தெரியும். அவர் வீதி முதலில் மூடப்பட்டது. பக்கத்து வளவு கடைசியில்.

அப்படியானால் பேரூராட்சி?

நடுவழி என்பதாலேயே சரியாக இருக்க வேண்டும் என்று இல்லை. கொங்கு நாட்டில் பேரூராட்சிகளுக்குக் குறைவில்லை, ஈரோடு மாவட்டத்தில் மட்டும் 42 இருக்கின்றன. நல்லது கெட்டது இரண்டையும் பக்கத்திலேயே பார்க்கலாம். நல்லது: செயல் அலுவலர், இளநிலைப் பொறியாளர், வரி வசூலர், துப்புரவு மேற்பார்வையாளர் என்று ஒரு அலுவலகம் இருக்கும். ஊராட்சியில் எல்லாம் ஒரே செயலாளர். காலையில் அவர் போன் அணைந்திருந்தால் ஊராட்சியே அணைந்துவிடும். கெட்டது: வரி ஏறும், ஊரகத் திட்டங்கள் போகும், கவுன்சிலர் தேர்தலுக்குக் கட்சிச் சின்னம் வரும், தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள், கிராம சபை இருக்காது. கார்ப்பரேஷனிடமிருந்து அது நிரந்தரக் கவசமும் இல்லை. வடவள்ளியும் துடியலூரும் பேரூராட்சிகளாக இருந்துதான் 2011-இல் உள்ளே போயின.

இருந்தும் அந்தப் பாதையில் ஒரு விஷயம் எனக்குப் பிடிக்கிறது, அது பேரூராட்சி என்ற பெயரில் இல்லை. பக்கத்து ஊராட்சிகளோடு சேர்ந்து பெரிதாவது. வாளையாறு தாண்டினால் கேரளத்தில் மொத்தமே 941 கிராம ஊராட்சிகள். நம்மைவிடப் பாதிக்கும் குறைவான மக்கள்தொகைக்கு, நம்மில் பதிமூன்றில் ஒரு பங்கு ஊராட்சிகள்கூட இல்லை. ஒவ்வொன்றும் பெரிது. நிதி, வளர்ச்சி, நலம், சுகாதாரம் கல்வி என்று நிலைக்குழுக்கள் உண்டு. 1996-இல் மக்கள் திட்டம் தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளிடம் விட்டார்கள். எங்கள் ஊராட்சியிலும் சட்டப்படி வளர்ச்சிக் குழு, பணிகள் குழு, கல்விக் குழு எல்லாம் இருந்தன. எதில் நான் உறுப்பினர் என்று எனக்கே பதவிக்காலம் முடியும்போதுதான் தெரிந்தது. பாலக்காட்டு ஊராட்சி ஒன்றில் ஒரு கமிட்டிக் கூட்டத்தைப் பார்க்க நேர்ந்தபோது, வார்டு உறுப்பினர் ஒருவர் அங்கன்வாடி அரிசிக்கணக்கை அரை மணி நேரம் துருவிக்கொண்டிருந்தார். ஒன்பதாயிரம் பேர் ஊராட்சிக்கு ஒரு பொறியாளர் வைக்க முடியாது. முப்பதாயிரம் பேர் இருந்தால் முடியும்.

ஆனால் அதிகாரத்தைப் பிரித்துக் கொடுப்பது பற்றிப் பேசும்போது இன்னொன்றை மறைக்க முடியாது. மூன்று பலகைகளையும் அக்கறையாக ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து, பெரும்பாலான ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பர் வரையும், நகரங்களுக்கு 2022 பிப்ரவரி வரையும் தேர்தலே நடக்கவில்லை. கோவையின் அந்த 26 ஆண்டு குடிநீர் ஒப்பந்தம் 2018-இல் கையெழுத்தானபோது மாமன்றத்தில் ஒரு கவுன்சிலர்கூட இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாததால் அந்தக் காலத்தில் ஊராட்சிகளுக்கு மத்திய நிதிக்குழு மானியமும் நின்றது. 2019-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட எங்கள் மாவட்டம் உட்பட 28 மாவட்டங்களில் உள்ள ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்து, தனி அலுவலர்கள் வந்தார்கள். அதே மாதத்தில்தான் இணைப்புத் திட்டம் வெளியானது. தலைவர் என்று ஒருவர் ஊரில் இல்லாதபோது ஊரைச் சேர்ப்பதா வேண்டாமா என்ற கேள்வி வந்தது. தற்செயலோ இல்லையோ, எங்கள் பேக்கரியில் அதை யாரும் தற்செயல் என்று நம்பவில்லை.

நான் எதைக் கேட்பேன்

இரண்டு பக்கமும் கார்ப்பரேஷன் வார்டுகள் முட்டி, நடுவில் நான்கு தெருவாக மாட்டிக்கொண்ட ஊராட்சி என்றால் சேர்ந்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். அங்கே சாக்கடை ஓடுவதே நகரத்துக்குள்தான். தனியாக நிற்பதில் பெருமை தவிர ஒன்றும் மிச்சமில்லை. குப்பைக் கிடங்கோ சாயக்கழிவோ வாசலில் இருக்கும் ஊருக்கும் உள்ளே போய்ச் சத்தம் போடுவது மேல்.

எங்கள் ஊர் அப்படி இல்லை. நகர எல்லைக்கும் எங்களுக்கும் நடுவில் இன்னும் தோட்டங்கள் இருக்கின்றன. அத்திக்கடவு அவிநாசித் திட்டத்தில் தண்ணீர் ஏறிய குட்டை இருக்கிறது, இருபது வருடம் கழித்து நிரம்பி நிற்கிறது. அதைச் சுற்றி நடைபாதை போட்டு டிக்கெட் வைக்கும் யோசனை எந்த அறையிலும் இப்போதே வேண்டாம். ஆகவே நான் கேட்பது: பக்கத்து இரண்டு ஊராட்சிகளோடு சேர்ந்து ஒரே பெரிய ஊராட்சி. அது முடியாது என்று சொன்னால் மட்டும் பேரூராட்சி. கார்ப்பரேஷன் என்றால், வரி, வார்டு எல்லை, குடிநீர் எந்த ஆண்டுக்குள் என்று எழுத்தில் கொடுத்த பிறகு. மூன்றில் எதுவானாலும் தேர்தல் நடந்து, புது மன்றம் உட்கார்ந்து பேசிய பிறகு.

வரும் கிராம சபைக்குத் தீர்மான நகல் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஐந்து வரி வந்திருந்தது. நேற்றுச் சாயங்காலம் அந்த அக்கா குப்பை வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டார், "கூட்டத்தை இந்தத் தடவை எங்க தெருவுல போடச் சொல்லி அதுல எழுதுவீங்களா தம்பி?" எனக்கு நினைவு தெரிந்து எங்கள் ஊர்க் கிராம சபை மாரியம்மன் கோயில் திடலைத் தாண்டியதில்லை. நான் உறுப்பினராக இருந்த ஐந்து வருடமும் அங்கேதான். ஆறாவது வரியாக எழுதியிருக்கிறேன். முதல் வரிக்குக் கொண்டுபோகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.